தட்டுக்கம்பி

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் மூட்டையை யாரும் எடுத்த எடுப்பில் கையால் அவிழ்ப்பதில்லை. முதலில் கம்பியால் தட்டுவார்கள். ஒரு முழ நீளம், சுண்டுவிரல் தடிமன், நுனியில் கொக்கி மாதிரி ஒரு வளைவு. நாலு பக்கமும் தட்டி, காதைக் கொடுத்துக் கேட்டு, கொக்கியால் முடிச்சை இழுத்து, விரிப்புகளை ஒவ்வொன்றாகத் தூக்கி உதற வேண்டும். துணிக்குள் கத்தரிக்கோல் கிடந்தால் ஒரு சத்தம், கிண்ணம் கிடந்தால் ஒரு சத்தம். ஊசிக்குச் சத்தம் கிடையாது. அதற்காகத்தான் உதறுவது. உதறினால் சிமெண்டுத் தரையில் விழும். விழுந்ததை இடுக்கியால் எடுத்துச் சுவரில் மாட்டியிருக்கும் மஞ்சள் டப்பாவில் போட வேண்டும். அந்த டப்பாவின் வாய் உள்ளே போவதை விடும், வெளியே வருவதை விடாது.

பத்தொன்பது வருஷமாகக் கம்பி பிடித்தவள் பெரியக்கா. அவளைவிட வயதில் மூத்தவர்களும் அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், ரத்தக்கறை விரிப்பை உதறும்போது கட்டைவிரலில் ஊசி ஏறிவிட்டது. எய்ட்ஸ் கிருமி ஒட்டாமலிருக்க எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் மாத்திரை ஆரம்பிக்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது என்றார்கள். இருபத்தெட்டு நாள் முழுங்கினாள். சோறு, தண்ணீர், எச்சில் எல்லாம் துருப்பிடித்த ஆணியைச் சப்பிய மாதிரி இருந்தது. மூன்று மாதம் கழித்து ரத்தத்தில் ஒன்றுமில்லை என்று சீட்டு வந்தது. ஆனால் அதுவரை அவள் காத்திருக்கவில்லை. குத்திய மறுநாளே அந்த ஊசியை ஒரு கிண்ணத்தில் வைத்து மூன்றாம் மாடிக்கு ஏறிப் போய், சாப்பிட உட்கார்ந்திருந்த தலைமை நர்சின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இது உங்க வீட்டுச் சாமான்மா. மறந்து எங்க வீட்டுல விட்டுட்டீங்க."

அன்றிலிருந்து வார்டுகளில் அவள் பெயரைச் சொன்னாலே நர்சுகள் விரிப்பை ஒரு தரம் கூடுதலாகப் பார்ப்பார்கள்.

இப்படிப்பட்டவள்தான் அந்தத் திங்கட்கிழமை அந்தக் காரியத்தைச் செய்தாள்.

திங்கட்கிழமை அவளுக்கு விடுப்பு. நாலு மாடிக் குடியிருப்பில் கீழ்த்தளத்தில் இரண்டு அறை. புருஷன் ஒரு சரக்குக் கிடங்கில் ராத்திரி வாட்ச்மேன். காலை ஏழு மணிக்கு வந்து, டீயைக் குடித்துவிட்டு, முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு சாயங்காலம் வரை தூங்குவார். மகன் பெயிண்டர். உயரக் கட்டடங்களில் கயிற்றுத் தொட்டிலில் தொங்கியபடி சுவர் அடித்தவன். மூன்று வருஷத்துக்கு முன்னால் கயிறு நழுவி இரண்டாம் மாடிச் சன்னல் மேடையில் விழுந்தான். இடுப்பு எலும்புக்குக் கம்பி வைத்தார்கள். வலிக்கு ஊசி போட்டார்கள். வலி போய்விட்டது, மருந்து போகவில்லை. இப்போது இரும்புக் கதவு, சன்னல் கம்பி என்று தரையில் நின்றபடி அடிக்கிற வேலைக்கு மட்டும் போய்க்கொண்டிருந்தான். அதுவும் எல்லா நாளும் இல்லை.

அவன் படுக்கையைத் துவைக்க எடுத்தவள் பழக்க தோஷத்தில் விளக்குமாற்றுக் கட்டையால் மெத்தையைத் தட்டினாள். கால் மாட்டில் பிளாஸ்டிக் சத்தம் கேட்டது. உறையைப் பிரித்தாள். பிரிக்காத புது ஊசிகள் பத்துப் பன்னிரண்டு, துடைக்கிற பஞ்சு, குப்பித் தண்ணீர். அதோடு உள்ளங்கை அளவில் ஒரு மஞ்சள் டப்பா. சலவைக்கூடத்து டப்பாவின் குட்டி மாதிரி இருந்தது. ஆட்டினாள். உள்ளே பாதிக்கு மேல் நிரம்பியிருந்தது.

யார் கொடுத்தது என்று அவளுக்குத் தெரியும். பஸ் பணிமனைக்குப் பின்னால் துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்கும் ஒல்லியான ஆள். போட்ட ஊசியை வாங்கிக்கொண்டு புது ஊசி கொடுப்பது அவன் வேலை. ஏதோ சங்கத்தில் சம்பளம். தெருவில் டப்பாக்காரன் என்பார்கள். இரண்டு மாதத்துக்கு முன்னால் அவனிடம் போய் அவள் சண்டை போட்டிருந்தாள்.

"எம் மகன் வெஷத்தைக் குத்திக்க நீ ஊசி குடுக்கிறியா?"

"வெஷம் நான் குடுக்கலைம்மா. அது எங்க வேணாலும் கெடைக்குது. சுத்தமான ஊசிதான் கெடைக்க மாட்டேங்குது. இல்லேன்னா நாலு பேருக்கு ஒண்ணுன்னு போட்டுக்கிறாங்க."

"உங்கம்மா இருக்காங்களா?"

"இருக்காங்க."

"அவங்ககிட்ட போய்ச் சொல்லு, நீ பாக்கிற வேலையை."

"இந்தப் பையைத் தைச்சுக் குடுத்ததே அவங்கதாம்மா. நானும் ஆறு வருஷம் குத்திக்கிட்டவன்தான்."

அவள் காறித் துப்பிவிட்டு வந்தாள்.

இப்போது புது ஊசிகளை அப்படியே வாரி ஒரு நீலப் பைக்குள் போட்டாள். டப்பாவையும் போடப் போனவள் நின்றாள். டப்பாவின் மேல் கறுப்பில் அபாய முத்திரை இருந்தது. குப்பைத் தொட்டியில் இது கிடந்தால் தெரு முழுக்கப் படித்துவிடும். கீழ்வீட்டுப் பையன் இன்னும் அதை விடவில்லை என்று மாடி மாடியாகப் பேச்சு ஏறும். அவள் ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு, புருஷனின் குறடால் டப்பாவின் மூடியைப் பெயர்த்து, உள்ளே இருந்ததை எல்லாம் பைக்குள் கொட்டினாள். மேலே வெங்காயத் தோலைப் போட்டு இரண்டு முடிச்சுப் போட்டாள். டப்பாவை வெந்நீரில் கழுவி அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தாள். டப்பாவுக்குள் இருந்தவரை யாரையும் ஒன்றும் செய்யாத சாமான் அது.

சாயங்காலம் மகன் வந்தான். மெத்தை வெளியே காய்வதைப் பார்த்தான்.

"அம்மா, உள்ள ஒண்ணு இருந்துச்சே."

"இருந்துச்சு."

"எங்க?"

"போட்டாச்சு."

"புதுசுமா?"

"எல்லாந்தான். கையில இல்லேன்னா நீ என்ன பண்ணுவேன்னு பாக்கிறேன்."

அவன் அவளைப் பார்த்தான். "ஒண்ணும் பண்ண முடியாதுன்னு நெனைக்கிறியா" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போனவன் மறுநாள் மத்தியானம்தான் வந்தான்.

செவ்வாய்க்கிழமை காலையில் அவள் பையை வெளியே வைத்தாள். குப்பை வண்டிக்காரி எடுத்துக்கொண்டு போனாள்.

அவளுக்குத் தெருவில் விசில் என்று பெயர். கழுத்தில் கயிறு கட்டி ஒரு விசில் தொங்கும். வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒவ்வொரு வாசலிலும் ஒரு ஊது ஊதுவாள். இரண்டாவது ஊதலுக்கும் யாரும் வராவிட்டால் மூன்றாவதை சன்னலுக்கு நேராக ஊதுவாள். எல்லா வீட்டுப் பையையும் வாங்கித் தெருமுனையில் கொட்டி, பிளாஸ்டிக், தாள், அழுகல் என்று கையால் பிரிப்பாள். கையுறை வருஷத்துக்கு ஒரு ஜோடி. கிழிந்துபோய் ஏழு மாதம் ஆகியிருந்தது.

புதன்கிழமை விசில் பையை வாங்கக் கை நீட்டியபோது ஆள்காட்டி விரலில் துணி சுற்றியிருந்தது.

"என்ன வெரல்ல?" என்றாள் பெரியக்கா.

"அதை ஏன் கேக்கிறீங்கக்கா. நேத்து பிரிக்கிற எடத்துல ஒரு நீலப் பைக்குள்ள கையை விட்டேன். சுருக்குன்னுச்சு. பாத்தா ஊசி. ஒண்ணு ரெண்டு இல்ல, ஒரு கொத்து. கட்டுனவ நல்லா ரெண்டு முடிச்சுப் போட்டுக் கட்டியிருக்கா. புண்ணியவதி."

"எந்த வீட்டுப் பை?"

"பையில பேரா எழுதியிருக்கு? மேல வெங்காயத் தோலு. வெங்காயம் உரிக்காத வீடு எது சொல்லுங்க."

"டாக்டர்கிட்ட காட்டினியா?"

"எதுக்கு? கண்ணாடி கிழிச்சப்ப காட்டினேனா, நாய் கடிச்சப்ப காட்டினேனா? கழுவிட்டுத் துணி சுத்தியாச்சு. நாய்தான் பாவம், அப்புறம் அந்தப் பக்கமே காணோம்."

"ஊசி வேற. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடு."

"சக்கரை ஊசியா இருக்கும்கா. மேல மூணாவது மாடியில ஒரு பெரியவரு போட்டுக்கிறாரே. அதுக்கு அரை நாள் லீவு சொன்னா மேஸ்திரி வண்டியை வேற ஆளு கையில குடுத்துடுவான்."

விசில் ஊதிவிட்டு அடுத்த வாசலுக்குப் போனாள். பெரியக்கா கதவைப் பிடித்தபடி நின்றாள். செவ்வாய் காலை ஏழு, ஏழரை. புதன் ஏழரை, இருபத்து நாலு. வியாழன் நாற்பத்தெட்டு. வெள்ளி காலையோடு சரி.

அப்போதுதான் வேலை முடிந்து வந்த புருஷனிடம் சொன்னாள். அவர் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"நீதான் போட்டேன்னு யாராவது பாத்தாங்களா?"

"இல்ல."

"அப்ப வாயை மூடிக்கிட்டு இரு. அவளே சக்கரை ஊசின்னு சொல்றா. நீ போய் இல்லம்மா, எம் மகன் போட்டுக்கிட்டதுன்னு தமுக்கு அடிக்கப் போறியா?"

"அவளுக்கு ஏதாவது வந்துச்சுன்னா?"

"குப்பையில நித்தம் ஆயிரம் குத்துது. எதுலேர்ந்து வந்துச்சுன்னு யாரு கண்டா?"

துண்டை முகத்தில் போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் குறட்டை வந்தது.

அன்று சலவைக்கூடத்தில் நீராவி சன்னல் கண்ணாடி தெரியாத அளவுக்கு நின்றது. பதினோரு மணிக்குப் பிரசவ வார்டு மூட்டையிலிருந்து ஓர் ஊசி விழுந்தது. பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குக் கிளம்புவாள், பின்னாலேயே போய் வேடிக்கை பார்க்கலாம் என்று காத்திருந்தார்கள்.

"என்னக்கா, படி ஏறலியா?" என்றாள் இஸ்திரி உருளையில் நிற்கிறவள்.

"டப்பாவுல போடுங்க. மூட்டை கெடக்கு."

"உடம்பு சரியில்லையா?"

"வாயைப் பாத்தா வேலை நடக்காது. உதறு."

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தூக்குப்பாத்திரத்தைத் திறக்காமல் பஸ் பணிமனைக்கு நடந்தாள். டப்பாக்காரன் மதிலோரம் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தான். அவளைக் கண்டதும் எழுந்து ஓர் எட்டுப் பின்னால் நின்றான்.

"துப்பறதுக்கு வரல, உக்காரு" என்றாள். நடந்ததைச் சொன்னாள். டப்பாவைத் திறந்ததையும் சொன்னாள்.

அவன் விரல் விட்டு மணிக்கணக்குப் பார்த்தான். "இன்னிக்கே கூட்டிட்டு வந்தா நல்லது. எங்க கிளினிக்குல டாக்டரம்மா இருப்பாங்க. யாரு ஊசின்னு தெரியாட்டியும் மாத்திரை குடுப்பாங்க. ஆனா யாருதுன்னு தெரிஞ்சு அவரு ரத்தமும் பாத்துட்டா அவங்களுக்கு இன்னும் நல்லது."

"நீ போய் அவகிட்ட சொல்லேன். குப்பையில கெடந்த ஊசி, வந்து மாத்திரை வாங்கிக்கோன்னு."

"சொல்றேன்மா. நான் சொன்னா வருவாங்களா?"

அவள் யோசித்தாள். டப்பாக்காரன் வீதியில் போனாலே விசில் வண்டியை வேறு பக்கம் திருப்பிவிடுவாள். மூன்றாம் மாடிப் பெரியவரின் ஊசி என்று அவள் நம்பிக்கொண்டிருக்கிறவரை யார் சொன்னாலும் வர மாட்டாள்.

"வரமாட்டா" என்றாள்.

"அப்ப உங்களால மட்டும்தாம்மா முடியும்."

அப்போது ஒருத்தன் வந்து தாளில் சுற்றிய ஐந்து ஊசிகளைக் கொடுத்தான். டப்பாக்காரன் டப்பாவை நீட்டினான். வந்தவனே ஒவ்வொன்றாக உள்ளே போட்டான். ஐந்து புது ஊசிகளை வாங்கிக்கொண்டு போனான். பெரியக்கா அவன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். கூடத்தில் புதிதாகச் சேர்கிற பெண்களுக்கு இப்படி டப்பாவில் போடப் பழக்க அவளுக்கு ஒரு மாதம் ஆகும்.

சாயங்காலம் விசில் வீட்டுக்குப் போக நினைத்தாள். வீடு எங்கே என்று தெரியாது. பதினோரு வருஷமாக வாசலுக்கு வருகிறவளின் வீடு தெரியாது. மகனுக்காகக் காத்திருந்தாள். ஆறு மணிக்கு வந்தான். கண்கள் பாதி மூடியிருந்தன.

"விசிலுக்குக் குத்திருச்சு" என்றாள். "உன் ஊசி."

அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. "எப்படி? நான் டப்பாவுலதானே போட்டு வச்சிருந்தேன்."

"ஆமா."

"ஒண்ணுகூட வெளியில போட்டதில்லம்மா. எண்ணி வாங்கினா எண்ணித் திருப்பிக் குடுப்பேன்."

"தெரியுது."

"டப்பாவை ஏன் தொறந்தே?"

அவள் அடுப்பைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

"ஊரு பாக்கும்னு" என்றாள்.

அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். "திருப்பிக் குடுக்க ஒண்ணும் இல்ல. ரெண்டு நாளா நான் அடுத்தவன் ஊசியிலதான் போட்டுக்கிட்டேன்" என்றான். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. இன்று கதவுக்கு இரண்டாவது பூச்சு அடித்தேன் என்று சொல்கிற மாதிரி சொன்னான்.

"காலையில என்கூட வா. ரத்தம் குடுக்கணும்."

"வாசல்ல வச்சா அவங்ககிட்ட சொல்லப் போறே?"

"வேற எங்க அவளைப் பிடிக்கிறது?"

வியாழக்கிழமை ஏழு மணிக்கு முதல் விசில் கேட்கும் முன்பே அவள் வாசலில் நின்றாள். கையில் பை இல்லை. மகன் பின்னால் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நின்றான். மேல்மாடிக் கைப்பிடிச் சுவர்களில் வழக்கம் போல இரண்டு மூன்று தலைகள் தெரிந்தன.

"குப்பை இல்லியாக்கா?" என்றாள் விசில்.

"நீலப் பை எங்க வீட்டுது."

விசில் வாயிலிருந்த விசிலைத் துப்பினாள். அது கயிற்றில் தொங்கியது.

"உங்க வீட்டுதா?"

"இவன் போட்டுக்கிட்ட ஊசி. சக்கரைக்கு இல்ல. இவன் டப்பாவுல போட்டு மூடித்தான் வச்சிருந்தான். நான்தான் டப்பாவைத் தொறந்து பையில கொட்டினேன்."

"ஆஸ்பத்திரியில வேலை பாக்கிற நீங்க."

"ஆமா."

"நேத்து நான் வெரலைக் காட்டினப்ப தெரியுமா?"

"அப்பவே தெரியும்."

"ஒரு நாள் பூரா தெரிஞ்சுக்கிட்டு இருந்திருக்கீங்க."

"இருந்தேன்."

விசில் சுற்றிய துணியை அவிழ்த்து விரலைப் பார்த்தாள். பார்க்க ஒன்றுமில்லை, ஒரு கறுப்புப் புள்ளி. "எனக்கு ரெண்டு பொண்ணு இருக்குக்கா" என்றாள்.

"எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள்ள மாத்திரை ஆரம்பிக்கணும். இப்ப நாப்பத்தெட்டு. இப்பவே போகலாம். நானும் முழுங்கியிருக்கேன், ஒண்ணும் வரல."

"வண்டி?"

அந்நேரம் தெருமுனையில் புருஷன் வேலை முடிந்து சீருடையோடு வந்துகொண்டிருந்தார். மேல்மாடித் தலைகளையும், வாசலில் நிற்கும் மூவரையும் பார்த்ததுமே நடை தளர்ந்தது. சொல்லிவிட்டாள் என்று தெரிந்துகொண்டார்.

"இந்தாங்க" என்றாள் பெரியக்கா. "நாங்க வர்ற வரைக்கும் இந்த வண்டிகிட்ட நில்லுங்க. மேஸ்திரி வந்தா, ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கான்னு சொல்லுங்க."

"குப்பைக்கா காவல்?"

"கெடங்குக்குக் காவல் இருக்கீங்கல்ல. அதே மாதிரிதான்."

அவர் மனைவியைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், மேலே பார்த்தார். பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு வண்டிக்குப் பக்கத்தில் நின்றார். மூன்றரை மணி நேரம் நின்றார். மேஸ்திரி வந்து கேட்டபோது, எங்கள் வீட்டு ஊசி குத்திவிட்டது, கூட்டிப் போயிருக்கிறார்கள், வண்டியில் வேறு யாரும் கை வைக்கக் கூடாது என்று அவரேதான் சொன்னார் என்று அப்புறம் தெரிந்தது. சீருடையைப் பார்த்த மேஸ்திரி அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லையாம்.

கிளினிக் ஒரு பழைய அச்சுக்கூடத்தின் மாடியில் இருந்தது. டாக்டரம்மா விசிலின் விரலைப் பார்த்தாள், மணி கேட்டாள், முதல் மாத்திரையை அங்கேயே முழுங்க வைத்தாள். மஞ்சள்காமாலைக்குத் தடுப்பூசி போட்டாள். புது ஊசியைப் பிரித்தபோது விசில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதற்கப்புறம் டாக்டரம்மா மகனிடம் விவரம் கேட்டாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான், இரண்டு நாள் இரவல் ஊசியையும் சேர்த்து. அவன் ரத்தத்தைச் சோதித்ததில் முக்கால் மணி நேரத்தில் முதல் முடிவு வந்தது. பயந்த பெரிய வியாதி இப்போதைக்கு இல்லை. ஈரலைக் கெடுக்கிற கிருமி இருக்கிற மாதிரித் தெரிகிறது, இன்னொரு சோதனை வேண்டும், இருந்தாலும் மூன்று மாத மாத்திரையில் போய்விடும். இப்போதைக்கு என்ற சொல்லை டாக்டரம்மா இரண்டு முறை சொன்னாள். அதனால் விசில் இருபத்தெட்டு நாளும் முழுங்க வேண்டும். இரவல் ஊசி போட்டுக்கொண்டதால் அவனும் அதே மாத்திரையை அதே இருபத்தெட்டு நாள் முழுங்க வேண்டும்.

விசில் படி இறங்கிக் கீழே வந்து, "இந்த மாத்திரை கசக்குமா?" என்று பெரியக்காவைக் கேட்டாள்.

"கசக்காது. துருப்பிடிச்ச ருசி. ரொட்டி தின்னுட்டுப் போடு, வாந்தி வராது."

வெள்ளிக்கிழமை தெருவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. பெரியக்கா நினைத்திருந்த அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் மாடிப் பெரியவர் மட்டும் இறங்கி வந்து, தன் சர்க்கரை ஊசியை எங்கே போடுவது என்று கேட்டுவிட்டுப் போனார். அவர் அதுவரை தாளில் சுற்றிக் குப்பையில்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

விசில் வாசலில் ஊதுகிற ஊதலுக்கு அந்த மாதம் வேறு அர்த்தம் வந்துவிட்டது. "மாத்திரை போட்டுட்டானா?" என்பாள். "போட்டுட்டான். நீ?" "ரொட்டியோட போட்டாச்சு." வேறு பேச்சு கிடையாது. அக்கா என்று கூப்பிடுவதை விட்டுவிட்டாள். இரண்டு நாள் மகன் வீட்டுக்கு வரவில்லை. அப்போது பெரியக்கா மாத்திரையை மடியில் கட்டிக்கொண்டு பணிமனைக்குப் பின்னால் தேடிப் போய், அவன் முழுங்குகிறவரை நின்று பார்த்துவிட்டு வந்தாள். டப்பாக்காரன் அவனுக்குப் புது ஊசி கொடுத்ததையும் பார்த்தாள். "ஒரு டப்பா வீட்டுக்குக் குடு தம்பி. கொஞ்சம் பெருசா" என்றாள்.

அந்தப் பெரிய டப்பா அடுக்களையில், அரிசி டின்னுக்குப் பின்னால் அல்ல, பக்கத்தில், முத்திரை வெளியே தெரிய உட்கார்ந்தது. நிறைந்தால் அவளே எடுத்துப் போய்க் கொடுத்துவிட்டு வேறு வாங்கி வருவாள். ஈரல் மாத்திரையை மகன் ஆரம்பித்தான். ஊசி போட்டுக்கொள்வதை விடவில்லை. விடுவேன் என்றும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

சலவைக்கூடத்தில் கழித்துப் போட்ட தட்டுக்கம்பி ஒன்றைக் கேட்டு வாங்கி, பிடியில் புதுத் துணி சுற்றி விசிலிடம் கொடுத்தாள். நாலு பக்கம் தட்டு, கொக்கியால முடிச்சை இழு, உதறு, அப்புறம் கையை விடு என்று வாசலிலேயே செய்து காட்டினாள். விசில் கேட்டுக்கொண்டாள். நன்றி எதுவும் சொல்லவில்லை.

மூன்று மாதம் கழித்து ஒரு காலை. முந்தின நாள்தான் விசிலுக்குக் கடைசிச் சோதனை.

"ஒண்ணும் இல்லியாம்" என்றாள் விசில். சீட்டைக்கூட எடுத்துக் காட்டவில்லை.

பெரியக்கா தலையை ஆட்டினாள். பையை நீட்டினாள். விசில் அதைத் தரையில் வைத்துக் கம்பியால் நாலு பக்கமும் தட்டினாள். எல்லா வீட்டுப் பையையும் இப்போது அப்படித்தான் தட்டுகிறாள், ஒவ்வொன்றையும் ஒரு தரம். இந்த வீட்டுப் பையை மட்டும் திருப்பிப் போட்டு இரண்டாம் தரமும் தட்டினாள். பெரியக்கா முடியும் வரை நின்றாள்.

அப்போது உள்ளே அடுக்களைப் பக்கம் 'டக்'கென்று ஒரு சத்தம் கேட்டது. தினமும் அந்தச் சத்தத்துக்காகக் காத்திருக்கிறவள், விசில் முன்னால் அது கேட்டதும் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் கதவு நிலையைப் பார்த்தாள்.

விசில் காதைக் கொடுத்துக் கேட்டாள்.

"டப்பாவுலதான் விழுந்துச்சு" என்றாள். பையை வண்டியில் போட்டு, அடுத்த வாசலைப் பார்த்து ஊதினாள்.